கதவிடுக்கில் நீண்ட கை

இல்லை, சமமானவர்கள் மோதிக்கொள்வதற்கு அந்தச் சொல் பொருந்தாது. எதிரே இருப்பவர் நம்மைவிடப் பெரியவராக, வலியவராக இருக்க வேண்டும். நாம் அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம். விலகாமல் இருந்தால் போதும். அதைத்தான் இங்கிலீஷில் ‘ஸ்டாண்ட் அப் டு’ என்பார்கள்.

இன்று வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பெண் உதாரணம் கேட்டாள். ராஜாவுக்கு எதிரே விலகாமல் நின்ற சேனாபதியைச் சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை.

நான் படித்த காலத்தில், பி.ஏ. முதல் வருஷ லீவில் காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ பக்கத்து வீட்டு மருமகள். என் வயது. உன் கணவர் ரங்கூனில். உன் பேருக்கு அவர் எழுதும் கடிதமும் உன் மாமனார் கைக்குத்தான் போகும். வீட்டு நடு முற்றமான வளவில் எல்லோரும் கேட்க வாசிக்கப்படும். மாமனாருக்குக் கண் மங்கியதால் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒருமுறை உன் கைக்குழம்பு கனவில் வந்ததாக எழுதியிருந்தார். அதையும் வாசித்தேன். உன் ஓரகத்தி ஒரு வாரம் விடவில்லை. "ஏத்தா, குழம்பக் கப்பலேத்திருவமா?" நீயும் சிரித்தாய். பிறகு கிணற்றடியில் சொன்னாய்: "எனக்குன்னு எழுதுன ஒத்த வரி. அதுவும் எனக்கில்ல."

உன்னைத் தேற்ற அந்த இங்கிலீஷ் சொல்லை விளக்கினேன். எங்கே வரும், எங்கே வராது, எல்லாம்.

"இம்புட்டு வெவரமாச் சொல்றியே, நீ யார எதுத்து நின்ன?"

நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

அடுத்த கடிதம் வந்தது. "பிரிச்சுப் படி ஆத்தா," என்றார் உன் மாமனார். நான் உறையைக் கிழிக்கத் தொடங்கினேன். கதவுக்குப் பின்னாலிருந்து உன் குரல். அதுவரை அவரிடம் நீ நேராகப் பேசியதில்லை.

"கோவிச்சுக்கிறாதீக மாமா. என் பேருக்கு வந்தத நானே படிச்சுக்கிறேன். உங்களுக்குள்ள சேதிய வந்து சொல்லிர்றேன்."

கதவிடுக்கில் கை மட்டும் நீண்டிருந்தது. கையை நீ எடுக்கவில்லை. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். கடைசியில், "குடுத்துரு," என்றார்.

உறை பாதி கிழிந்திருந்தது. அந்தப் பாதிக்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

போன மாதம் காய்ச்சல் உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோயிற்று. காரியத்துக்கு நான் ஊர் வந்திருந்தேன். அது முடிந்த மறுநாள் உன் ஓரகத்தி உன் பெட்டியிலிருந்து கடிதக் கட்டை எடுத்துவந்தாள். உன் மாமனார் அழுதுகொண்டிருந்தார்.

"படி ஆத்தா. அவ இங்குட்டு இருக்காப்புல இருக்கும்."

அவர் அதட்டியிருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

"அவ பேருக்கு வந்தது ஐயா. நான் படிக்க மாட்டேன்."

கட்டை அவிழ்க்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உன் கணவர் ரங்கூனிலிருந்து ஊர் வந்ததும் கொடுக்கச் சொல்லி, சாவியை உன் மாமியாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.