வெற்றிலைத் தட்டு

நேற்று மாலை உன் மகள் நஸீமா பதினோராம் மாடியிலிருந்து என் வீட்டுக்கு இறங்கி வந்தாள். ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய நான்கு தட்டுகள். மறு கையில் தாமரை இலை வடிவப் பீங்கான் தட்டு, அதன்மேல் தொதல். கதவைத் திறந்ததும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்த அந்த வாசனை. நீ போன இந்த மூன்று மாதத்தில் அது என் வீட்டுக்குள் வந்தது நேற்றுத்தான்.

“கடையில வாங்குன தொதல்தான் ஆன்ட்டி. வெறுந்தட்டாக் கொண்டு வந்தா உம்மாவுக்குப் பிடிக்காது” என்றாள்.

ஐந்து தட்டும் இப்போது என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கின்றன. பதினாறு வருடமாக நான் கண் வைத்திருந்தவை. முதலில் பார்த்தவள் நான்தான் என்பது உனக்குத் தெரியும்.

டோபி காட் பக்கம் ஒரு பாத்திரக் கடையை மூடுகிறார்கள் என்று நம் தோ பாயோ அடுக்குமாடியிலிருந்து இருவரும் போனோம். கடைசிப் பெட்டி அது. ஆறு பீங்கான் தட்டுகள், ஆறும் இலைகள். நரம்புகள் விரலில் தட்டுப்படும். ஓரம் ஓரிடத்தில் நிஜ இலை மாதிரியே சுருண்டிருக்கும். பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்ததோ, தாமரை, அரசு, பலா, பூவரசு, செம்பருத்தி என்று அங்கேயே நின்று பெயர் வைத்தவள் நான். ஆறாவது வெற்றிலை. அதன் காம்பில் ஒரு சிவப்புப் பொறிவண்டு உட்கார்ந்திருந்தது. “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்றேன். நீயும் தலையாட்டினாய்.

மறுநாள் போனேன். பெட்டி இல்லை. அடுத்த வாரம் பெருநாளுக்கு உன் வீட்டுக்கு வந்தால், கண்ணாடி அலமாரியில் ஆறு இலையும் வரிசையாக நிற்கின்றன.

“நீ சும்மா பேச்சுக்குச் சொல்றேன்னு நெனச்சேன் லா” என்றாய்.

நான் சிரித்தேன். வயிறு எரிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது உன் வாய்க்கு எட்டிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதன்பிறகு உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கண் அந்த அலமாரிக்குத்தான் போகும். நீயும் விடமாட்டாய். “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. நீ பாக்குற பார்வையில அரசிலை விரிசல் விட்டுறப் போகுது!”

நம் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டு வெறுமையாகத் திரும்பாது. உன் தொதலுக்கு என் அதிரசம். என் முறுக்குக்கு உன் வட்டலப்பம். ஒரு பெருநாளுக்கு நீ தொதலை வெற்றிலைத் தட்டில் வைத்து அனுப்பினாய். நான் கழுவினேன், துடைத்தேன், பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். தீபாவளிக்கு அதிரசத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். முதலில் பார்த்தவளுக்கு ஆறில் ஒன்றாவது கிடைக்க வேண்டாமா? எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் அது.

நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. மற்ற ஐந்து தட்டிலும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருந்தாய். அந்த ஐந்தையும் நானும் ஒழுங்காகத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நஸீமாவின் நிச்சயத்தன்று மேசையில் ஐந்து இலைகளும், ஆறாவதாக ஒரு சாதா வெள்ளைத் தட்டும் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா எண்ணிவிட்டார். “செட்ல ஒண்ணு கொறையுதே?” நான் ரோஸ் சிரப் ஜாடியோடு அடுப்படி வாசலில் நின்றேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“உடைஞ்சு போச்சு. என் கை தவறி” என்றாய்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் அதிகமாகப் பொறாமைதான் வந்தது. தட்டைப் பார்த்து அல்ல, உன்னைப் பார்த்து. ஒரு பொய்யை அவ்வளவு லேசாக, அவ்வளவு அழகாக, எனக்காகச் சொல்ல உன்னால் எப்படி முடிந்தது? என்னால் முடியாது. நீ இறந்த அன்றும் லிஃப்ட் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, எனக்கு இதில் பாதியாவது வருமா என்று நினைத்தேன். நல்ல சிநேகிதி நான்!

நேற்று நஸீமா தட்டுகளைப் பிரித்து அடுக்கியபடி சொன்னாள். “உம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொல்லிட்டாங்க. ஆறாவது சரசுகிட்ட இருக்கு, செட்டைப் பிரிக்காத, எல்லாத்தையும் அவகிட்டயே குடுத்துருன்னாங்க.”

பீரோவைத் திறந்து புடவைகளை விலக்கினேன். பொறிவண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. மேசையில் ஆறும் ஒன்று சேர்ந்தன. ஆறும் என்னுடையவை. நான் கேட்டது இதுதானே? கடைசி ஆட்டத்திலும் நீயே ஜெயித்தாய். நான் ஒளித்தேன், நீ கொடுத்தாய். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று தோன்றியது.

இன்று காலை அதிரசம் சுட்டேன். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, இருக்கட்டும். வெற்றிலைத் தட்டில் எட்டு அதிரசத்தை அடுக்கி, லிஃப்டில் ஏறி, உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நஸீமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்ன ஆன்ட்டி, இதுவும் உங்க செட்தானே?”

“வந்த தட்டு வெறுமையாப் போகக்கூடாது. வச்சுக்க” என்றேன்.

ஆக, நீ பிரிக்காதே என்றதைப் பிரித்துவிட்டேன். ஐந்து என்னிடம், ஒன்று உன் வீட்டில். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன்னை மாதிரி சும்மா இருக்க எனக்கு வராது. பெருநாள் வரைக்கும் பார்ப்பேன். உன் மகள் அந்தத் தட்டைத் தொதலோடு திருப்பி அனுப்பாவிட்டால், பதினோராம் மாடிக்கு ஏறிப்போய் வாய்விட்டுக் கேட்பேன்.