பாலத் திறப்பு விழா நாடா

அன்புள்ளவளுக்கு,

உன் அக்கா வீட்டில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். நானும் ஏதோ இருக்கிறேன்.

எங்கள் ஒலிக் காப்பகத்தில் ஒரு கூத்து. பழைய ஜனாதிபதி எப்போதாவது, எதற்காவது மன்னிப்புக் கேட்டிருக்கிறாரா என்று ஓர் ஆராய்ச்சிக்காரர் எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய பேச்சு மட்டும் நானூறு ஒலிநாடாக்கள். நீ கிளம்பிப் போன மறுநாள் கேட்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. மனிதர் மழை பெய்ததற்குக்கூட எதிர்க்கட்சியைத்தான் திட்டுகிறார்.

நேற்று ஒரு பாலத் திறப்பு விழா நாடா. பேசி முடித்து உட்கார்ந்தவர், மைக்கை அணைக்கவில்லை என்று தெரியாமல் பக்கத்திலிருந்த மனைவியிடம் மெதுவாகச் சொல்கிறார்: "காலையில நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

அந்த அம்மா, "இதை வீட்டுலயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் உம்முனு வந்திருக்க மாட்டேனே" என்கிறார். கூட்டம் விடாமல் கை தட்டுகிறது.

நான் சொன்னதும் எங்கள் மேலதிகாரி பதறிவிட்டார். "இந்த இடத்தை வெட்டிடுங்க. அவர் மானம் போயிடும்."

"சார், ஒரு மணி நேரப் பேச்சுல ஜனங்க கை தட்டினதே இங்கதான்" என்றேன்.

அவரும் கேட்டுப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு போன் பேச வெளியே போனார்.

நான் அதை ஒன்பது தடவை கேட்டேன். வேலைக்காக இல்லை. அன்றைக்கு அக்கா எதிரில் உன்னைப் பார்த்துக் கத்தியது தப்பு. என் தப்புதான்.

சனிக்கிழமை வருகிறேன். கதவை நீயே வந்து திற. அக்கா திறந்தால், அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன்.

உன் வீட்டுக்காரன்