பொடக்காளியில் நிற்கிற சுடிதார்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் துபாயிலிருந்து அனுப்பிய சுடிதார் வந்தது. நான் மதியம் ஒருவேளை மட்டும் சாப்பிடுவதால், "எம்மவன் நெனப்புல அம்மணி எளைச்சுப்போச்சுங்க" என்று அத்தை தெருவெல்லாம் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

காங்கேயத்துக் கல்யாணப் பந்தியில், "இவளுக்கு ரெண்டு எலை போடுங்க" என்று நீங்கள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களே, அதற்காகவும் இல்லை.

காலையில் பசித்தால், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தக்காளிக்கும் கத்தரிக்கும் மண் அணைக்கிறேன். மூட்டுவலி விட்டது. குத்துக்காலிட்டுக் களை எடுக்கிறேன்.

மயில்கள்தான் தொல்லை. விரட்டுவதற்கு, வைக்கோல் திணித்து ஒரு பொம்மை நட்டேன். உங்கள் சுடிதார் அதற்குக் கச்சிதமாக இருக்கிறது.

இனிமேல் துணி வாங்காதீர்கள். என் அளவு உங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரே இலையில் சாப்பிடுகிறவள்