பாப்பா உயரத்துக்கு ஒரு நூல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் இங்கே சௌக்கியம்.

இந்த ஊர் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது. பூங்காக்களில் எதை முதலில் செய்வது என்று எங்கள் ஆபீசில் ஒரே இழுபறி. மேலதிகாரிக்கு நீச்சல்குளம் வேண்டும், மற்றவர்களுக்கு நடைபாதை விளக்கு. முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்துவிட்டேன்.

ஊஞ்சல் மாட்ட வந்த மேஸ்திரி, பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே கையை வைத்து, "எங்க பாப்பா ஏறுற உயரம்" என்றேன்.

"உங்க பாப்பா ஸ்கூலுக்குப் போறதா சொன்னீங்களேம்மா? இதுல உக்காந்தா கால் தரையில இழுபடுமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஒரு சின்ன வேலை. அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஒரு நூலை அளந்து வெட்டி, கவரில் போட்டு அனுப்புங்கள். எக்கி நிற்பாள், விடாதீர்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடவேண்டும். ஊஞ்சலுக்குக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதை அன்றைக்கே உயர்த்திக் கட்டிவிட்டார்கள். நூல் எனக்கு.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா