கூட்டுப் போர்முறையின் முதல் பாடம்

தலவாக்கலை
18.06.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் அழுகைதான் முந்துகிறது, அதனால் எழுதுகிறேன். அம்மாவும் நானும் இன்னும் பாடசாலைக் கட்டிடத்தில்தான் இருக்கிறோம். என் வீட்டுக்காரரின் காரியம் முடிந்த மறுநாளே நீங்கள் கொழும்புக்குக் கிளம்பிவிட்டீர்கள். நடந்ததைச் சொல்லவே முடியவில்லை.

மண் சரிந்து எங்கள் லயத்து வீடுகள் புதைந்த அன்று சிப்பாய்கள் கையாலேயே தோண்டினார்கள். அவரை உயிரோடு எடுத்தும் விட்டார்கள். பாதை உடைந்துபோனதால் ஹெலிகொப்டரில்தான் கொண்டுபோக வேண்டும். அது தலைக்கு மேலேயே சுற்றியது. சிப்பாய்களின் ரேடியோவில் விமானியோடு பேச முடியவில்லை. எங்கே இறங்குவதென்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டது. "பயப்படாத சர்மிளா, உங்கண்ணன் படிச்சுக் குடுத்த ஆளுங்கதானே, திரும்ப வருவாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நீங்கள் படை அதிகாரிகளுக்குக் கற்பிப்பது இதைத்தானே அண்ணா?

தங்கை
சர்மிளா


கொழும்பு
27.06.2023

அன்புத் தங்கச்சிக்கு,

இதைத்தான் கற்பிக்கிறேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனியே எவ்வளவு திறமையாக இருந்தாலும் போதாது. தலைமை ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும். கூட்டுப் போர்முறையின் முதல் பாடம் அது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன், என் வீட்டுக்கே உதவவில்லை.

அந்த மீட்புப் பணியைப் பற்றி அடுத்த வருட முப்படை மாநாட்டில் பேச என்னைத்தான் நியமித்திருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வேன். அழகன் மச்சானுக்கு என்னால் வேறென்ன செய்ய முடியும்? அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
யோகேஸ்வரன்


தலவாக்கலை
20.05.2024

அண்ணாவுக்கு,

மாநாட்டில் நீங்கள் பேசியதைப் பக்கத்து வீட்டு டீவியில் பார்த்தோம். "கோட்டு போட்டு எம்புட்டு அழகா இருக்கான் பாரு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

'மூன்று படைகளும் ஓருடலாக இயங்கின, சீரற்ற காலநிலை மட்டுமே தடையாக இருந்தது' என்றீர்கள். ஹெலிகொப்டர் வந்தபோது வெயில் அடித்தது, அண்ணா. ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

உங்களை யார் கூப்பிட்டு என்ன சொன்னார்களோ. அந்த இடத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நிலைப்பது லேசில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு வேறொரு லயம் புதைந்தால், அன்றைக்கும் ஹெலிகொப்டர் சுற்றிவிட்டுத்தானே போகும்?

வருசத் திதிக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். வர வேண்டாம். அவர் படத்துக்கு முன்னால் நீங்கள் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அம்மா நம்பும்.

சர்மிளா