ஸ்டாண்டுக்குப் பதில்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மைக் ஸ்டாண்டின் கால் ஒடிந்து, வெல்டிங்குக்காக மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிக்குப் போயிருக்கிறது. அதனால் கிடார் ஒலி வரும் ஆம்ப்ளிஃபையர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொள்ள மகன் சேகர் என்னைக் கூப்பிட்டான். அவன் அப்பாவின் அறைதான் இப்போது ஸ்டுடியோ.

மேசையோரத்தில் முழங்கையை ஊன்றி, ஸ்பீக்கரின் நட்டநடுவில் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். நான்கு முறை கிடார் வாசித்துப் பதிவு செய்தான். போட்டுக் கேட்டபோது நான்கும் தகரத்தைச் சுரண்டியது போல இருந்தன. நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடிக்கட்டுமா என்றேன்.

“இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்கம்மா. சும்மா புடிச்சுக்குங்க.”

கான்வென்டில் எட்டு வருடம் பியானோ பழகிய காது இது. ஐந்தாம் முறைக்கு முன் அவன் ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருகக் குனிந்திருந்தபோது, மைக்கை இரண்டு விரற்கடை ஓரமாக நகர்த்திக்கொண்டேன். ஒலி கனத்து, இழைந்து வந்தது.

“பாத்தீங்களாம்மா? ஒரு திருகுத் திருகுனேன், சரியாப் போச்சு” என்றான்.

மாலையில் சேலத்து நண்பனிடம் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தான். “ஸ்டாண்டு எதுக்குடா? எங்கம்மா இருக்காங்கல்ல. ஸ்டாண்டாவது ஆடும், அவங்க ஆடவே மாட்டாங்க.” அவன் சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது.

நாளை பத்து மணிக்கு மிச்சப் பாட்டு. நடுவில்தான் பிடிக்கப் போகிறேன். எத்தனை திருகு வேண்டுமானாலும் திருகட்டும். அவனாக வாய் திறந்து கேட்டால் ஒழிய நகர்த்துவதாக இல்லை. அவன் முகம் வாடினால் இந்தக் கை தானாக நகர்ந்துவிடும் என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.