கூட்டுக்காரன் கொடுத்த வாள்

இன்று ஆபீசில் நான் கூட்டு பிடித்தேன். பத்துப் பேர், மாதம் ஆளுக்கு இருநூறு ரிங்கிட், சேர்ந்த மொத்தமும் மாதம் ஒருவருக்கு. ஒன்பது துண்டுச்சீட்டுகளை மைலோ டின்னில் போட்டுக் குலுக்கும் முன்பே, முதல் எண்ணை என் கையில் திணித்துவிட்டார்கள். கூட்டு பிடித்தவருக்கு முதல் எண் என்பதுதானே நம் வழக்கம். அந்தச் சீட்டைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

ஜெலுத்தோங்கில், ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் இருந்த அந்த சைபர் கஃபே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி சானாயை விழுங்கிவிட்டு ஓடுவோம். நாம் இணையத்தில் பல ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆடிய விளையாட்டில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ‘நீ துறைமுகத்தில் நிற்கிறாய்’ என்று ஆங்கிலத்தில் வரும், அதற்கே நமக்குப் புல்லரிக்கும். அந்தத் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு தீவு இருந்தது. அங்கே போக எனக்கு ஒரு கப்பல் வேண்டும்.

“தெனம் ஃபெர்ரி படகு ஏறி வேலைக்குப் போறவனுக்குக் கப்பலாடா?” என்று கேலி செய்தாய். ஆனாலும் வழி சொன்னவன் நீதான். விளையாட்டுக்குள்ளேயே கூட்டு! உலகத்தில் வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. எட்டுப் பேர், வாரம் ஆளுக்கு நூறு பொற்காசு. முதல் வாரம் எண்ணூறையும் எடுத்து நீ ஒரு நீல வாள் வாங்கினாய். எனக்கு விழுந்தது எட்டாம் எண். கப்பல் விலை எழுநூறுதான், பொறுத்திருந்தேன்.

நான்காம் வாரம் குடி கெட்டது. காசைப் பைக்குள் போட்டுவிட்டு விளையாட்டை விட்டு ஒரு மாதிரியாக வெளியேறித் திரும்ப நுழைந்தால் அது இரட்டிப்பாகிறது என்று எவனோ கண்டுபிடித்தான். பிறகென்ன, எல்லார் கையிலும் மூட்டை மூட்டையாய்த் தங்கம். ஐந்து காசு ரொட்டி ஐந்நூறுக்குப் போனது. எட்டாம் வாரம் என் எண்ணூறோடு கப்பல் கட்டி விற்பவரிடம் போனோம். அவர் புக்கிட் மெர்தாஜாம்காரர், ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுவார்.

“தங்கம் வேணாம் தம்பி, வைக்க எடமில்ல. பொருள் இருந்தா கொண்டா.”

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “மொத நம்பருக்கு வாளு, கடைசி நம்பருக்குக் குப்பையா?” என்று கத்தினேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அநியாயமான கேள்வி. காசைப் பெருக்கியவன் நீயா என்ன?

நீ விசைப்பலகையை இழுத்துக்கொண்டாய். ஏதோ தட்டினாய். நீல வாள் அவரிடம் போனது, கப்பல் எனக்கு வந்தது. அந்த வாளால்தான் அங்கே நாலு பேர் உன்னை மதித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

“ஏண்டா?” என்றேன்.

“கூட்டு புடிச்சவன்தான்லா பொறுப்பு. எங்கம்மா கூட்டுல ஒருத்தி கட்டாம ஓடிட்டா. அம்மா வளையல வித்துல்ல கடைசி ஆளுக்குக் குடுத்தாங்க.”

கையில் ஒரு குச்சியோடு என் கப்பலில் ஏறினாய். தீவில் இறங்கியதும் ஒரு நண்டு உன்னைக் கொன்றுவிட்டது. நாம் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார்.

அந்த விளையாட்டை மூடி எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. நீ போய்ச் சேர்ந்தும் ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்தேன். கேட்கவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை.

இன்று பத்தாம் எண் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு விழுந்தது. முகம் சுருங்கிவிட்டது. என் முதல் எண்ணை அவளிடம் கொடுத்துவிட்டு அந்தப் பத்தாம் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

“நடுவுல யாராச்சும் ஓடிட்டா உங்களுக்குத்தானேண்ணே நட்டம்?” என்றாள்.

“அதுக்குத்தாம்மா” என்றேன்.

சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது.